குட்டி மங்கா, மாயக் காதல்: புதிதாகப் படிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் மங்கா படிக்கத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மங்காவில் எத்தனையோ வகை உண்டு. பதின்வயதினருக்காக எழுதப்பட்ட, மாயமும் காதலும் கலந்த, சில பாகங்களிலேயே முடிந்துவிடுகிற தொடர்களை மட்டும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

மாயக் காதல் மங்கா என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஜப்பானியச் சித்திரக்கதைக்கு மங்கா என்று பெயர். அதில் பதின்வயதுப் பெண்களுக்கான இதழ்களில் வருவதை ‘ஷோஜோ’ என்பார்கள். ரிபோன், நகயோஷி, லாலா எல்லாம் அப்படிப்பட்ட இதழ்கள். பெண்களுக்கானது என்பது இதழ் நடத்துபவர்களின் கணக்கு. பையன்களும் தாராளமாகப் படிக்கலாம்.

கதையின் அடிப்படை பெரும்பாலும் இப்படி இருக்கும்: இந்தப் பக்கம் ஒரு சாதாரணப் பெண். அந்தப் பக்கம் மனிதனல்லாத ஒருவன். நரித் தெய்வமாகவோ, நீரில் வாழும் நாகமாகவோ, மரண தூதனாகவோ, வேற்றுக்கிரக இளவரசனாகவோ இருப்பான். இருவருக்கும் நடுவில் ஒரு சாபம், ஒப்பந்தம் அல்லது கெடு.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது அந்நியமான கதையே அல்ல. மணிமேகலையில், புகார்க் கடற்கரைச் சோலையில் நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு இளவரசி பீலிவளையைச் சந்திக்கிறான். ஒரு மாதம் உடனிருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகிறாள். பின்னால் அவள் அனுப்பிய குழந்தை கடலில் காணாமல் போகிறது; மகனைத் தேடி அலைந்த அரசன் இந்திர விழாவை மறக்கிறான்; ஊரையே கடல் கொள்கிறது. அகநானூற்றில் பரணர் பாடும் ஆதிமந்தி கதையும் இந்த வகைதான். புதுவெள்ளத்தில் ஆடிய அவள் காதலன் ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துப் போகிறது. ஆதிமந்தி கரையோரமாகத் தேடிப் போகிறாள். அவனை ஆதிமந்திக்குக் காட்டிய மருதி என்ற பெண் கடலில் மறைகிறாள். நீர்த் தெய்வம் ஆளைக் கொண்டுபோகிற மங்கா ஒன்றைக் கையில் எடுக்கும்போது இந்த இரண்டும் நினைவில் இருந்தால், கதையின் வலி சட்டென்று பிடிபடும்.

குட்டித் தொடர் என்றால் எத்தனை பாகம்? படிக்க எவ்வளவு நேரமாகும்?

2 முதல் 7 பாகம் வரை இருந்தால் குட்டித் தொடர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாகத்தில் ஏறக்குறைய 160 முதல் 200 பக்கம். அதற்குள் 4 முதல் 6 அத்தியாயம். மங்கா பழகியவர் ஒரு மணி நேரத்தில் ஒரு பாகத்தை முடித்துவிடுவார். முதல்முறை படிப்பவருக்கு, அதுவும் ஆங்கிலம் நிதானமாக வருகிறவருக்கு, 2 முதல் 3 மணி நேரம் ஆகும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். இந்தக் கதைகள் முதலில் இதழில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து, பிறகுதான் பாகமாகச் சேர்க்கப்படுகின்றன. இதழில் ஓர் அத்தியாயம் படித்தவர்கள் அடுத்ததற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை வைத்துத்தான் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கமும் வரையப்பட்டிருக்கிறது. ஐந்து பாகத்தையும் ஒரே ராத்திரியில் விழுங்கினால் அந்தக் கடைசிப் பக்கங்கள் எல்லாம் வீணாகிவிடும்.

முதலில் எதைப் படிக்கலாம்?

ஆங்கிலத்தில் வந்த, முடிந்துபோன மூன்று தொடர்களைச் சொல்கிறோம். மெகா தனாகாவின் ‘மீட்டியோர் பிரின்ஸ்’ 2 பாகம்தான். வேற்றுக்கிரக இளவரசன் ஒருவன் துரதிர்ஷ்டம் துரத்துகிற ஒரு பள்ளி மாணவியின் முன்னால் வந்து நிற்கிற, சிரிப்பும் காதலுமான கதை. அரினா தனெமுராவின் ‘டைம் ஸ்ட்ரேஞ்சர் கியோகோ’ 3 பாகம். அவரே எழுதிய ‘ஃபுல் மூன்’ 7 பாகம். அதன் நாயகிக்குத் தொண்டையில் புற்றுநோய், கெடு ஒரு வருடம், துணைக்கு இரண்டு மரண தூதர்கள். அழகான தொடர், ஆனால் கனமானது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரத்தில் அதைத் தொட வேண்டாம்.

எங்கள் சிபாரிசு, 2 பாகத் தொடரில் தொடங்குவது. பிடிக்காவிட்டாலும் நட்டம் குறைவு. முழுக்கதை ஒன்றை முடித்த திருப்தி கிடைக்கும். அதுதான் அடுத்ததை எடுக்க வைக்கும்.

புத்தகத்தைத் திறந்தால் கடைசிப் பக்கம் வருகிறதே?

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். அப்போது மேலே தெரிவதுதான் முன்னட்டை. தாளை இடமிருந்து வலமாகப் புரட்ட வேண்டும். தவறான பக்கம் திறந்துவிட்டீர்கள் என்று எச்சரிக்கும் பக்கம் பல பதிப்புகளில் இருக்கும்.

பக்கத்துக்குள் கட்டங்களின் வரிசையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கத்தை மனதில் வரைந்து பார்ப்போம். மேல் வரிசையில் இரண்டு கட்டம்: வலதில் கோயில் படிக்கட்டு, இடதில் ஒரு பெண்ணின் செருப்புக் கால். முதலில் படிக்கட்டு, பிறகு கால். நடுவில், வலப்புறம் உயரமான ஒரே கட்டம். அதில் மரத்தடியில் நிற்கும் அவன். அதன் இடப்புறம் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டம்: மேலே அவள் கண், கீழே அவள் விரல். உயரக் கட்டத்தை முடித்துவிட்டு இடப்புற மேல் கட்டம், பிறகு இடப்புறக் கீழ் கட்டம். மேல் வரிசையிலிருந்து நேரே அவள் கண்ணுக்குத் தாவினால், அவள் எதைப் பார்த்துத் திடுக்கிட்டாள் என்பதே புரியாமல் போகும். கடைசியாக அடியில் கோடே இல்லாத அகலக் கட்டம். அவன் முடி மேல் கட்டம் வரை பறந்திருக்கும். கோடில்லாத கட்டம் வந்தால் அங்கே நேரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். நீங்களும் நில்லுங்கள்.

ஒரே கட்டத்தில் இரண்டு பேச்சுக் குமிழி இருந்தால், மேலே வலப்புறம் இருப்பது முதலில். கேள்விக்கு முன்னால் பதில் வந்ததுபோல் தோன்றினால், வரிசை தப்பிவிட்டது. பக்கத்தின் வலது மேல் மூலைக்குத் திரும்பிப் போங்கள். 20 பக்கம் தாண்டினால் கண் தானாகப் பழகிவிடும்.

லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் படித்துத்தான் பழக்கம். அது உதவுமா?

பாதி உதவும், பாதி இடைஞ்சல். முத்து காமிக்ஸ் 1972லும் லயன் காமிக்ஸ் 1984லும் தொடங்கியவை. இரண்டிலும் படிப்பது இடமிருந்து வலம். அங்கே வசனமும் விளக்க வரிகளும் கதையை இழுத்துக்கொண்டு போகும். ஷோஜோவிலோ மூன்று பக்கத்துக்கு வசனமே இருக்காது. முகமும் கையும் காற்றும்தான். காமிக்ஸ் பழகியவர்கள் அந்தப் பக்கங்களை ஐந்து விநாடியில் தள்ளிவிட்டு, கதையே இல்லை என்று குறைப்படுவார்கள். கதை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

திருவாரூர்த் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதாக வரும். முசுகுந்தச் சோழன் கதை அங்கே பட்டை பட்டையாக, தமிழில் எழுதிய சிறு வரிகளோடு ஓடுகிறது. வரியைப் படித்துவிட்டு உடனே அடுத்த பட்டைக்குத் தாவுகிறவர்களுக்கு ஓவியத்தில் பாதி நழுவிப்போகும்.

பூ, புள்ளி, கருப்பு ஓரம் எல்லாம் எதற்கு?

அவை அலங்காரம் இல்லை, மங்காவின் இலக்கணம்.

கட்டங்களைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரம் கருப்பாக மாறினால், பழைய நினைவு ஓடுகிறது. ஓரம் மீண்டும் வெள்ளையாகும்போது இன்றைக்குத் திரும்பிவிட்டோம். மாயக் கதைகளில் முற்பிறவி, பழைய சாபம் எல்லாம் இந்தக் கருப்பு ஓரத்துக்குள்தான் வரும் என்பதால், இதைக் கவனிக்காதவர்களுக்குக் கதை குழம்பியே தீரும்.

குமிழிக்குள் அடங்காமல் வெறும் இடத்தில் மிதக்கும் வரிகள் நாயகியின் மனக்குரல். குமிழிக்கு வெளியே பொடியாகக் கையால் எழுதியவை முணுமுணுப்பு. சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முகத்துக்குப் பின்னால் திடீரென்று ரோஜாவும் லில்லியும் பூத்தால், அந்த இடத்தில் பூச்செடி இருக்கிறது என்பதல்ல. பார்ப்பவரின் மனம் அப்படி ஆகிவிட்டது. நெற்றியில் குறுக்குக் கோடாக நரம்பு புடைத்தால் கோபம். பெரிய ஒற்றை வியர்வைத் துளி சங்கடம். ஆள் திடீரென்று குட்டி பொம்மைபோல் சுருங்கினால் அந்தக் கட்டம் விளையாட்டு.

நிழல், துணி, முடி நிறத்துக்குப் புள்ளி அச்சிட்ட படலத்தைப் பயன்படுத்துவார்கள். அதற்கு ஸ்கிரீன்டோன் என்று பெயர். எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்கிறது என்பவர்கள் முடியைப் பாருங்கள். ஒருவனுக்குத் தீட்டிய கருப்பு, ஒருவனுக்கு வெள்ளை, ஒருவனுக்குப் புள்ளி. உருமாறுகிற பாத்திரம் மனித வடிவில் வந்தாலும் முடியின் தன்மையோ கண்ணின் கோடோ மாறாமல் இருக்கும்.

பெயருக்குப் பின்னால் ஸான், குன் என்று வருவதை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கூடாது. காதல் மங்காவில் பாதிக் காதல் அந்த ஒட்டுச் சொல்லில்தான் இருக்கிறது.

‘ஸான்’ பொதுவான மரியாதை. ‘குன்’ பெரும்பாலும் பையன்களுக்கு. ‘ச்சான்’ செல்லம். ‘ஸாமா’ மிக உயர்ந்த மரியாதை, தெய்வத்துக்கும் இளவரசனுக்கும். ‘ஸென்பாய்’ மேல்வகுப்பு மாணவர். இவற்றோடு, குடும்பப் பெயரால் கூப்பிடுவதா சொந்தப் பெயரால் கூப்பிடுவதா என்பது இன்னொன்று. வகுப்புத் தோழர்கள்கூடக் குடும்பப் பெயரோடு ஒட்டுச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பாகம் முழுக்க ‘ஸாதோ-ஸான்’ என்றவன் ஒரு நாள் மழையில் நின்று ‘மிஸாகி’ என்று வெறும் பெயரைச் சொன்னால், அந்தக் கட்டம் பக்கம் முழுக்க விரிந்திருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் படித்து வளர்ந்தவருக்கு, பெயரைச் சொன்னதற்கா இவ்வளவு என்று தோன்றும். நமக்குத் தோன்றாது. ‘நீங்க, வாங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் வாய் தவறி ‘நீ வா’ என்றால் தஞ்சாவூர் வீட்டில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதேதான் இது.

சில ஆங்கிலப் பதிப்புகளில் ஒட்டுச் சொற்களை எடுத்துவிடுவார்கள். அப்படியானால் எப்போது குடும்பப் பெயர் நின்று சொந்தப் பெயர் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைக்கலாம். மொழிபெயர்ப்பில் முழுதாகத் தொலைந்துபோகிற ஒன்றும் உண்டு. ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்கே பல சொற்கள்: சாதுவான பையன் ‘போகு’ என்பான், முரடன் ‘ஓரே’ என்பான், ஆயிரம் வருடத்துத் தெய்வம் ‘வாரே’ என்று நம் ‘யாம்’ போல ஒன்றைச் சொல்லும். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். அதனால் பழைய தெய்வம் பேசும் வரிகளை மனதுக்குள் ‘யாம்’ போட்டுப் படித்துப் பாருங்கள். சரியான குரல் வந்துவிடும்.

ஒலிச் சொற்கள் புரியவில்லை.

இதில் தமிழருக்குக் கொடுப்பினை உண்டு. ஜப்பானிய மொழியும் இரட்டைக்கிளவி நிறைந்த மொழி. ‘டோகி டோகி’ என்றால் நெஞ்சு படபட. ‘கிரா கிரா’ என்றால் பளபள. ‘கோரோ கோரோ’ இடி உருளும் கடகட. நிசப்தத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் பொடியாக ஆங்கிலத்தில் என்ன போட்டிருந்தாலும், மனதுக்குள் தமிழ் இரட்டைக்கிளவியை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை ஆங்கில மங்காவைச் சமாளிக்குமா?

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் ஓரளவு வந்தால் சமாளிக்கலாம். வசனங்கள் சிறியவை, படம் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். முதல் தடை சொல் அல்ல, எழுத்து: குமிழிக்குள் எல்லாமே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பத்து பக்கத்தில் அது பழகும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஓர் அத்தியாயத்தை நிறுத்தாமல் படியுங்கள். திரும்பத் திரும்ப வந்த, புரியாத ஐந்து சொல்லை மட்டும் எழுதிப் பொருள் பாருங்கள். இந்த வகையில் சாபம், ஒப்பந்தம், முத்திரை, பலி, காவல், வாக்குறுதி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். முதல் பாகத்தில் முப்பது சொல் பிடிபட்டால் இரண்டாம் பாகம் பாதி நேரத்தில் முடியும். ஆங்கிலம் வளர இது நல்ல வழி என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பாடப் புத்தகம்போல் ஆகிவிடும்.

கதையில் குழப்பம் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

முதல் அத்தியாயத்திலேயே மாயத்தின் விதியைக் கண்டுபிடித்து ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். மூன்று வரி போதும்: என்ன வரம் அல்லது சாபம், எந்த நிபந்தனை, மீறினால் என்ன விலை. ‘முத்தமிட்டால் ஒப்பந்தம் கூடும்’, ‘மனிதன் தொட்டால் மறைந்துவிடுவான்’, ‘ஒரு வருடம்தான்’ என்பதுபோல் இருக்கும். குட்டித் தொடரில் முடிவு அந்த மூன்று வரியிலிருந்துதான் பிறக்கும். முடிவு புரியவில்லை என்பவர்களில் பலர் விதியை மறந்துபோனவர்கள்.

முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களில் அதே அறிமுகம் மறுபடி மறுபடி வரும். இதழை நடுவில் வாங்கிய வாசகருக்காக எழுதியது அது, தாண்டிப் போகலாம். முதல் அத்தியாயம் தனிக்கதைபோல் முடிந்துவிடுவதும் உண்டு. தனிக்கதையாக வெளிவந்து, வரவேற்புப் பெற்ற பிறகு தொடரானவை பல.

நரிச் சிலை, சிவப்பு நூல் எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

நரி, இனாரி தெய்வத்தின் தூதர். இனாரி நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். அதனால்தான் அந்தக் கோயில் வாசலில் நரிச் சிலைகள், கழுத்தில் சிவப்புத் துணியோடு உட்கார்ந்திருக்கும். நெல் விளைகிற டெல்டாவிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த ஒன்று போதும், நரித் தெய்வம் ஏன் ஊர்க்காவலனாக வருகிறது என்று புரிந்துகொள்ள. இரண்டு தூண், மேலே குறுக்குக் கட்டை வைத்த வாசல் ‘தோரி’. அதைத் தாண்டினால் தெய்வத்தின் எல்லை. நாயகி தோரியைக் கடக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் மாயம் தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

சிவப்பு நூல், விதிப்படி சேர வேண்டிய இருவரின் சுண்டு விரல்களைக் கட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நூல். ஆடிப்பெருக்கில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேண்டிக் கட்டுவது, இது பிறக்கும்போதே கட்டியிருப்பது. ஜூலை 7 தனபதா திருநாள்: பால்வீதியின் இரு கரையிலும் பிரிக்கப்பட்ட நெசவுப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும் வருடத்தில் அந்த ஓர் இரவுதான் சந்திப்பார்கள். வேண்டுதலை வண்ணத் தாளில் எழுதி மூங்கிலில் கட்டுவார்கள். இந்தக் கதை தெரியாவிட்டால், மூங்கில் வந்த பக்கம் வெறும் செடியாகத் தெரியும்.

பள்ளிக் கணக்கு: கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மேல்நிலை மூன்று வருடம். ‘இரண்டாம் ஆண்டு’ என்றால் நம் பதினொன்றாம் வகுப்பு வயது. பிப்ரவரி 14இல் பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள், மார்ச் 14இல் பையன்கள் பதில் கொடுப்பார்கள்.

கடைசிப் பக்கங்களில் வேறு ஆட்கள் வருகிறார்கள். அச்சுப் பிழையா?

இல்லை. அத்தியாயம் போதாமல் பாகத்தில் இடம் மிஞ்சினால், அதே ஆசிரியரின் பழைய தனிக்கதை ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். முதன்மைக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் இந்த அதிர்ச்சி வராது.

நன்றாகப் போன கதை கடைசிப் பாகத்தில் ஏன் ஓடுகிறது?

எல்லாக் குட்டித் தொடரும் குட்டியாகத் திட்டமிட்டது அல்ல. இதழ்கள் வாசகர் வாக்கெடுப்பு நடத்துகின்றன. ஆதரவு குறைந்த தொடரை முடிக்கச் சொல்லிவிடுவார்கள். அப்போது எதிரியின் பின்கதை நான்கு பக்கத்தில் சுருங்கும், துணைப் பாத்திரம் காணாமல் போகும், ‘சில வருடங்களுக்குப் பிறகு’ என்று ஒரு தாவல் வரும். திட்டமிட்டுக் குறுகியதாக எழுதியவற்றில் முதல் பாகத்தில் போட்ட முடிச்சு கடைசிப் பாகத்தில் அவிழும். விமர்சனங்களில் ‘முடிவு அவசரம்’ என்று பலர் சொல்லியிருந்தால் முதல் பாகத்தை மட்டும் இரவல் வாங்கிப் பார்ப்பது நல்லது.

எங்கே வாங்குவது? என்ன விலை?

டெல்டா ஊர்ப் புத்தகக் கடைகளில் மங்கா அலமாரி கிடைப்பது அரிது. இணையத்தில் வரவழைப்பது, திருச்சி போகும்போது பார்ப்பது, மாவட்டப் புத்தகத் திருவிழாவிலும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும் தேடுவது என்று மூன்று வழிகள். ஒரு பாகம் பெரும்பாலும் 350 முதல் 600 ரூபாய்க்குள் இருக்கும். 5 பாகத் தொடர், பாகம் 450 ரூபாய் என்றால் 2,250 ரூபாய். மூன்று பேர் சேர்ந்தால் தலைக்கு 750. ஆளுக்கு ஒரு வாரம் என்று சுழற்றிக்கொள்ளலாம். ஆனால் முழுத் தொகுப்பும் கடைசியில் யார் வீட்டில் இருக்கும் என்பதை வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். உங்கள் கிளை நூலகத்திலும் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்கிற வாசகர் இருந்தால்தான் அலமாரி வரும்.

ஆர்டர் போடும் முன் மூன்றைச் சரிபார்க்கவும். ஒன்று, அது மங்காதானா? இந்த வகைக் கதைகள் நாவலாகவும் மங்காவாகவும் ஒரே தலைப்பில், ஒரே மாதிரி அட்டையோடு வரும். படம் எதிர்பார்த்து நாவலை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. இரண்டு, தனிப் பாகமா, இரண்டு மூன்று பாகம் சேர்ந்த பெரும்பதிப்பா? மூன்று பாகம் சேர்ந்த பதிப்பில் ‘1’ வாங்கினால் அடுத்து வேண்டியது தனிப் பாகத்தில் ‘4’. மூன்று, எல்லாப் பாகமும் இப்போது கிடைக்கின்றனவா? பழைய தொடர்களில் கடைசிப் பாகம் மட்டும் அச்சில் இல்லாமல் போவது உண்டு. கடைசிப் பாகம் கிடைக்கிறது என்று உறுதியான பிறகே முதல் பாகத்துக்குப் பணம் கட்டுங்கள்.

கள்ளப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கிரீன்டோனைப் பாருங்கள். அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, நிழல் வரும் இடத்தில் அலை அலையாகவோ கட்டம் கட்டமாகவோ கறை தெரியும். நல்ல பதிப்பில் புள்ளி தனித்தனியாக, சீராக இருக்கும். முதுகுப் பக்கம் வசனம் வெட்டுப்பட்டிருப்பது, கருப்பு சாம்பலாக வெளிறியிருப்பது, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருப்பது ஆகியவையும் அடையாளங்கள். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேடினால் அதே தலைப்பு, அதே பாகம் வர வேண்டும்.

போனில் படிக்கலாமா?

படிக்கலாம். ஜப்பானியப் பதிப்பகமான ஷுவேஷாவின் ‘மங்கா பிளஸ்’ செயலி 2019இல் வந்தது; பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் புதிய அத்தியாயங்களும் இலவசம். அதில் சண்டைக் கதைகள் அதிகம், இந்த வகை குறைவு. கிண்டிலில் பாகம் பாகமாக வாங்கலாம். பக்கங்கள் வலமிருந்து இடமாகப் போகின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டு பக்கம் சேர்ந்த ஓவியம் வந்தால் போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். நிமிர்த்தி வைத்தால் ஓவியம் நடுவில் பிளந்துவிடும், பெரும்பாலும் அதுதான் கதையின் உச்சம்.

அனுமதியில்லாமல் ஏற்றி வைத்திருக்கும் தளங்களை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வரைந்தவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. மொழிபெயர்ப்பும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுவதால், ஒட்டுச் சொல்லும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன நுணுக்கம் எல்லாம் அங்கே பாழ்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். கொடுக்கலாமா?

அட்டையின் பின்புறம் வயதுக் குறி இருக்கும். ‘டீன்’ என்றால் 13 வயதுக்கு மேல். ‘டீன் பிளஸ்’ அல்லது ‘ஓல்டர் டீன்’ என்றால் 16க்கு மேல். ‘மெச்சூர்’ 18க்கு மேல். எட்டாம் வகுப்புக்கு ‘டீன்’ குறியிட்டதை மட்டும் கொடுங்கள், முதல் பாகத்தை நீங்கள் ஒருமுறை புரட்டிவிட்டு.

குறியைத் தாண்டியும் ஒன்று பார்க்க வேண்டும். இந்த வகையில், பெண் வேண்டாம் என்ற பிறகும் நாயகன் விடாமல் நெருங்குவதை இனிமையாகக் காட்டுகிற தொடர்கள் உண்டு. சுவரில் கையை ஊன்றி மறிப்பது, ஒப்பந்தம் என்ற பெயரில் முத்தமிடுவது. நூற்றாண்டுகள் வாழ்ந்த தெய்வத்துக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் காதல் என்பதும் வரும். புத்தகத்தைப் பிடுங்கினால் பிள்ளை ஒளித்துவைத்துப் படிக்கும். ‘இவன் செய்தது உனக்குச் சரின்னு படுதா?’ என்று கேளுங்கள். நல்ல தொடர்களில் நாயகியே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாள். அப்படிப்பட்டவற்றைத் தேடிக் கொடுப்பதுதான் சிறந்த காவல்.

மழைக்காலத்தில் புத்தகம் ஊதிப்போகிறது, பழுக்கிறது.

மங்கா பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாளில் வருவது. ஈரத்தை உறிஞ்சும், வெயில் பட்டால் மஞ்சளாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் வீட்டுச் சுவரே வியர்க்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருந்தால் கரையான் தொல்லை குறையும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி நல்லது, ஆனால் ஈரமான நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகும்; வெயிலடித்த நாள் மதியம் உள்ளே வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு மூடுங்கள். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்தவர்கள் நம் முன்னோர்; துணியில் முடிந்த வசம்பு, புத்தகத்தைத் தொடாமல் பெட்டியின் மூலையில் இருக்கலாம். நனைந்துவிட்டால் நேர் வெயிலில் போடாமல், தாள்களுக்கிடையே வெள்ளைத் தாள் சொருகி ஃபேன் காற்றில் நிமிர்த்தி வையுங்கள்.

முதுகு விரிவதற்குக் காரணம் வேறு. இவை பசையால் ஒட்டியவை. புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து மேசையில் கவிழ்த்தால் பசை வெடித்து, மூன்றாம் நாள் தாள் கையோடு வரும். முதல்முறை திறக்கும்போது முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்தி நடுவுக்கு வாருங்கள்.

ஒருமுறை படித்தால் போதாதா?

போதாது. குட்டித் தொடரின் வசதியே அதை மறுபடி படிக்க முடிவதுதான். முதல் வாசிப்பு கதைக்கு. ஒரு வாரம் கழித்து இரண்டாம் வாசிப்பில் வசனத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள்: முதல் பாகத்தில் அவன் கை சட்டைப்பைக்குள் இருக்கும், நடுவில் பாதி நீளும், கடைசியில் அவள் கையில் இருக்கும். பிறகு கடைசிப் பாகத்தின் இறுதிப் பக்கத்தையும் முதல் பாகத்தின் தொடக்கப் பக்கத்தையும் அருகருகே திறந்து வையுங்கள். அதே படிக்கட்டு, அதே மரம், நிற்கும் இடம் மட்டும் மாறியிருப்பதைப் பல தொடர்களில் காண்பீர்கள்.